ஆடாத ஆட்டத்துக்கு வாழ்நாள் தடை: ஒரு ஸ்காட்லாந்து முன்கள வீரரின் நிகழ்வு ஆய்வு, 1902–1919

எதற்கு இந்த ஆய்வு

1910 பிப்ரவரி 19. மான்செஸ்டரில் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானம் திறந்து முதல் ஆட்டம். மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரே லிவர்பூல். அந்த மைதானத்தின் முதல் கோலைத் தலையால் முட்டிப் போட்டவர் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஒரு முன்கள வீரர். 1915 ஏப்ரல் 2 அன்று அதே மைதானத்தில் அதே இரண்டு அணிகளும் மோதிய இன்னொரு ஆட்டத்துக்காக அவருக்கு வாழ்நாள் தடை விழுந்தது. அந்த ஆட்டத்தில் அவர் இறங்கவே இல்லை.

இந்த ஐந்து வருஷத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால், நல்ல ஆட்டக்காரர் ஒருவர் காசுக்கு ஆசைப்பட்டுக் கெட்டுப்போன கதை என்று முடித்துவிடலாம். 1902இலிருந்து பார்த்தால் அப்படி முடிக்க முடியவில்லை. பதிமூன்று வருஷத்தில் மூன்று தடவை அவர் நிர்வாகத்தோடு மோதியிருக்கிறார். மூன்றிலும் அடியில் இருந்தது பணம். மூன்றிலும் நிர்வாகம் அதை ஆட்டக்காரர்களின் கட்டுப்பாடு சம்பந்தப்பட்ட விஷயமாகவே எடுத்துக்கொண்டது.

ஆட்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். கால்பந்து வரலாறு தெரிந்தவர்களுக்கு மேலே உள்ள முதல் பத்தியிலேயே ஆள் யார் என்று பிடிபட்டிருக்கும். மற்றவர்களுக்குப் பெயர் அவசியமில்லை. எந்தக் கட்டத்தில் யார் என்ன முடிவெடுத்தார்கள், அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் இங்கே பார்க்கவேண்டியது.

பின்னணி: வாரம் 4 பவுண்டு

அவர் பிறந்தது 1884இல், ஸ்காட்லாந்தின் ஏர்ஷயர் பகுதியில் உள்ள ஹர்ல்ஃபோர்டில். நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஊர். ஊர் அணியில் ஆடிக்கொண்டிருந்தவரை 1902இல் மான்செஸ்டர் சிட்டி எடுத்துக்கொண்டது. ஆள் உயரமில்லை, கட்டையான, உறுதியான உடம்பு. முன்வரிசையில் ஐந்து பேர் நின்று ஆடிய காலம் அது. அதில் இவர் இடம் இன்சைடு லெஃப்ட், அதாவது நடு முன்கள வீரருக்கும் இடது ஓரக்காரருக்கும் நடுவே. அந்த உயரத்தை வைத்துக்கொண்டு தலையால் அத்தனை கோல் போட்டது பார்த்தவர்களுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கிறது.

சிட்டி 1903இல் இரண்டாம் டிவிஷனை வென்று மேலே ஏறியது. 1904 ஏப்ரலில் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் போல்ட்டனை 1-0 என்று தோற்கடித்து எஃப்ஏ (இங்கிலாந்துக் கால்பந்தை ஆளும் அமைப்பு) நடத்தும் கோப்பையைத் தூக்கியது. இறுதி ஆட்டத்தில் இவரும் இருந்தார். வயது பத்தொன்பது.

இந்தக் கதைக்கு அடித்தளம் இரண்டு விதிகள். 1901இலிருந்து இங்கிலாந்தில் ஒரு தொழில்முறை ஆட்டக்காரருக்கு வாரச் சம்பளம் அதிகபட்சம் 4 பவுண்டு. எத்தனை கோல் போட்டாலும், மைதானத்துக்கு எத்தனை ஆயிரம் பேர் டிக்கெட் வாங்கி வந்தாலும், அதற்குமேல் கிடையாது. இரண்டாவது, ஆட்டக்காரரின் பதிவு கிளப்பின் கையில். கிளப் விட மனசு வைத்தால்தான் வேறு அணிக்குப் போகலாம். சம்பளம் உயராது, போகவும் முடியாது. அன்றைய கணக்கில் 4 பவுண்டு மோசமில்லை. கைத்தொழில் தெரிந்த ஒரு தொழிலாளியின் கூலியைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் முட்டி ஒருநாள் பிசகினால் அந்த வருமானம் அன்றோடு நின்றுவிடும்.

நல்ல ஆட்டக்காரர்களைத் தக்கவைக்க வேண்டிய கிளப்புகள் அப்போது செய்தது, யாரும் எதிர்பார்க்கக்கூடியதுதான். கணக்குப் புத்தகத்தில் 4 பவுண்டு; மீதி மேசைக்கு அடியில்.

முதல் மோதல், 1905–06

1905 ஏப்ரல் 29. சீசனின் கடைசி ஆட்டம், பர்மிங்ஹாமில் ஆஸ்டன் வில்லாவுடன். சிட்டிக்குச் சாம்பியன் பட்டம் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தது, ஜெயித்தாக வேண்டும். 3-2 என்று தோற்றார்கள். ஆட்டத்தின் நடுவே நம் ஆளுக்கும் வில்லாவின் கேப்டனுக்கும் கைகலப்பு. சேற்றை வாரி வீசியதில் ஆரம்பித்துக் குத்துச்சண்டையில் முடிந்தது.

எஃப்ஏ விசாரித்தது இந்தச் சண்டையைத்தான். தோண்டத் தோண்ட வேறொன்று வெளியே வந்தது. ஆட்டத்தை விட்டுக்கொடுத்தால் 10 பவுண்டு என்று சிட்டியின் வலது ஓர ஆட்டக்காரர் வில்லா கேப்டனிடம் பேசியிருந்தார். அவரைத் தடை செய்தார்கள். மேனேஜர் சொல்லித்தான் செய்தேன் என்றார் அவர். தடைக்காலத்தில் கிளப் தன்னைக் கைவிட்டதும் உள்ளே நடந்த எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். வருஷக்கணக்காக 4 பவுண்டுக்கு மேல் கொடுத்துவந்ததும் அதில் வெளிப்பட்டது.

1906இல் எஃப்ஏ எடுத்த முடிவு அதுவரை யாரும் பார்க்காத அளவுக்குக் கடுமையானது. மேனேஜருக்கும் தலைவருக்கும் நிரந்தரத் தடை. கிளப்புக்கு 250 பவுண்டு அபராதம். பதினேழு ஆட்டக்காரர்களுக்குச் சேர்த்து 900 பவுண்டு அபராதம், 1907 ஜனவரி 1 வரை தடை, அதற்குப் பிறகும் சிட்டிக்கு ஆடக்கூடாது. பதினேழு பேரில் இவரும் ஒருவர்.

இந்த எண்களை ஒரு தடவை நிதானமாகப் பார்க்கவேண்டும். பணத்தைக் கொடுத்த கிளப்புக்கு 250, வாங்கியவர்களுக்கு 900. வாரம் 4 பவுண்டு உச்சவரம்பு என்று சொல்லிவிட்டு ஆளுக்குச் சராசரியாக 50 பவுண்டுக்கு மேல் அபராதம் போட்டால், அது மூன்று மாதச் சம்பளம். தடைக்காலத்தில் அந்தச் சம்பளமும் இல்லை.

மைதானத்தில் இதன் விளைவு உடனே தெரிந்தது. 1906 செப்டம்பர் 1, கொளுத்தும் வெயில். கிடைத்த ஆட்களை வைத்து வூல்விச் ஆர்செனலுடன் ஆடிய சிட்டி அணியில் ஒவ்வொருவராகச் சுருண்டு வெளியேறி, ஆட்டம் முடியும்போது களத்தில் ஆறு பேர்தான் நின்றார்கள். 4-1 தோல்வி. இரண்டு நாள் கழித்து எவர்ட்டனிடம் 9-1.

உச்சவரம்பு விதி மட்டும் அப்படியே இருந்தது. அதைக் கேள்வி கேட்க விசாரணைக் குழுவுக்குத் தோன்றவில்லை.

1907 முதல் 1909 வரை: அதே ஊர், வேறு சட்டை

தடைபட்டவர்களைச் சிட்டி விற்றாக வேண்டிய நிலை. நல்ல ஆட்களை மற்ற கிளப்புகள் போட்டி போட்டுக்கொண்டு வளைக்கப் பார்த்தன. மான்செஸ்டர் யுனைடெட்டின் செயலாளர் முந்திக்கொண்டு நான்கு பேரைப் பிடித்துவிட்டார். அந்த வலது ஓரக்காரர் ஒருவர், இவர் ஒருவர். தடை முடிந்த அன்றே, 1907 புத்தாண்டு நாளில், யுனைடெட்டுக்காக இறங்கினார்கள். எதிரணி அதே ஆஸ்டன் வில்லா. ஓரத்திலிருந்து பழைய கூட்டாளி தூக்கி அனுப்பிய பந்தை இவர் கோலாக்கினார். 1-0.

1907–08இல் யுனைடெட் முதன்முறையாக லீக் சாம்பியன். அந்த லீக்கில் இவருக்கு 25 கோல். அதே சீசனில் பழைய கிளப்பான சிட்டியுடன் நடந்த ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டுவிட்டு, முரட்டு ஆட்டத்துக்காக வெளியேற்றப்பட்டார். மான்செஸ்டர் டெர்பியில், அதாவது ஊரின் இரண்டு அணிகளும் மோதும் ஆட்டத்தில், வெளியேற்றப்பட்ட முதல் ஆள் என்ற பெயர் இன்றுவரை இவருக்குத்தான். கோபக்காரர் என்பதை மறைக்க ஒன்றுமில்லை.

1909 ஏப்ரல் 24, கோப்பை இறுதி ஆட்டம், எதிரே பிரிஸ்டல் சிட்டி. இவருக்கு முட்டியில் காயம். சேர்ப்பதா வேண்டாமா என்று கடைசி வரை இழுபறி. ஆடட்டும், ஒரு கோலாவது போடுவார் என்று கேப்டன் பிடிவாதமாக நின்றார். சக ஆட்டக்காரர் ஒருவர் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது, இவர் அதை உள்ளே அடித்தார். அன்றைய ஒரே கோல் அதுதான்.

இரண்டாம் மோதல்: சங்கமும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும்

சிட்டியிலிருந்து வந்தவர்கள் 1906 அனுபவத்தை மறக்கவில்லை. 1907 டிசம்பரில் மான்செஸ்டரின் இம்பீரியல் ஓட்டலில் கூடி ஆட்டக்காரர் சங்கத்தைத் தொடங்கினார்கள். உச்சவரம்பை நீக்க வேண்டும், கிளப் மாறும் உரிமை வேண்டும் என்பது கோரிக்கை. சங்கம் மற்றத் தொழிற்சங்கங்களோடு கைகோர்க்கப் பார்த்ததும் எஃப்ஏ விழித்துக்கொண்டது. 1909 கோடையில் கெடு வைத்தது: சங்கத்தை விட்டு விலகு, இல்லையென்றால் ஆட்டமும் கிடையாது, சம்பளமும் கிடையாது.

மற்ற ஊர்களில் பெரும்பாலானவர்கள் விலகிவிட்டார்கள். கோப்பையை வென்று சில மாதமே ஆகியிருந்த யுனைடெட் ஆட்கள் மட்டும் மொத்தமாக மறுத்தார்கள். கிளப் மைதானத்தில் இடமில்லாமல் ஃபாலோஃபீல்டில் பயிற்சி செய்தார்கள். 'அவுட்காஸ்ட்ஸ் எஃப்சி', அதாவது ஒதுக்கப்பட்டோர் கிளப், என்று ஒரு பலகையில் எழுதி முன்னால் வைத்து எடுத்துக்கொண்ட புகைப்படம் இன்றும் இருக்கிறது.

அந்தச் சமயத்தில் நடந்த ஒன்றைக் கேப்டன் பின்னால் நினைவுகூர்ந்திருக்கிறார். சம்பளம் கேட்டுக் கிளப் அலுவலகத்துக்குப் போனவர்களுக்குப் பணம் இல்லை என்று பதில். நம் ஆள் சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றினார், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தார். மற்றவர்களும் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்கள். வேடிக்கைதான். ஆனால் வராத சம்பளத்துக்குத் தானே வசூல் செய்துகொள்ளும் ஒரு மனநிலை அதில் தெரிகிறது. பின்னால் நடந்ததைத் தெரிந்துகொண்டு இப்போது அந்தக் கண்ணாடியை நினைத்தால் சிரிப்பு அவ்வளவு சுலபமாக வரவில்லை.

ஆகஸ்ட் 31 அன்று, சீசன் தொடங்கும் தறுவாயில், சமரசம். சங்கத்தை ஏற்றுக்கொண்டார்கள், நிறுத்திவைத்த சம்பளத்தைக் கொடுத்தார்கள். உச்சவரம்பு போகவில்லை, 1910இல் சிறிது தளர்ந்து 5 பவுண்டு வரை போகலாம் என்று ஆயிற்று. சங்கமும் பிறகு மற்றத் தொழிற்சங்கங்களோடு சேரும் எண்ணத்தைக் கைவிட்டது. அடிப்படைக் கோரிக்கை இரண்டும் நின்ற இடத்திலேயே நின்றன.

அடுத்த சில வருஷத்தைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 1910இல் ஓல்ட் டிராஃபோர்டின் முதல் கோல் (ஆட்டம் என்னவோ 4-3 என்று லிவர்பூலுக்குத்தான் போயிற்று). 1911இல் மறுபடி சாம்பியன். பிறகு வயது ஏறியது, கோல் குறைந்தது. யுனைடெட்டுக்கு மொத்தம் 247 ஆட்டம், 101 கோல்.

மூன்றாம் மோதல்: 1915 பெரிய வெள்ளி

1915 வசந்தத்தில் நிலைமை இது. போர் தொடங்கி எட்டு மாதம். இளைஞர்கள் போர்முனையில் இருக்கும்போது இங்கே பந்து ஆடுகிறார்கள் என்று பத்திரிகைகளில் கண்டனம், மைதானத்தில் கூட்டம் குறைவு. இந்த சீசனோடு லீக் நிற்கும், சம்பளமும் நிற்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். யுனைடெட் பட்டியலின் அடியில், கீழ் டிவிஷனுக்கு இறங்கும் அபாயத்தில் இருந்தது. லிவர்பூலுக்கு அந்த ஆட்டத்தில் பெறவும் ஒன்றுமில்லை, இழக்கவும் ஒன்றுமில்லை. நம் ஆளுக்கு வயது முப்பது. அணியில் நிரந்தர இடம் போய்விட்டது.

ஏப்ரல் 2, பெரிய வெள்ளி. யுனைடெட் 2-0 என்று ஜெயித்தது. களத்தில் பார்த்தவர்கள் கவனித்தவை இவை. இரண்டாம் பாதியில் ஆட்டம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் நடக்கவில்லை. யுனைடெட்டுக்குக் கிடைத்த பெனால்டி கோலுக்கு வெகு தூரம் விலகிப் போனது. அடித்தவரும் பெரிதாக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. லிவர்பூல் ஆள் ஒருவர் கடைசி நேரத்தில் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அவருடைய அணிக்காரர்களே அவரைத் திட்டினார்கள். யுனைடெட் மேனேஜர் ஆட்டம் முடியும்வரை இருக்கப் பிடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

மைதானத்துக்கு வெளியே, இந்த ஆட்டம் சரியாக 2-0 என்று முடியும் என்று பல ஊர்களில் பணம் கட்டியிருந்தார்கள். கட்டிய பணத்துக்கு ஏழு மடங்கு கிடைக்கும் பந்தயம். ஒரே எண்ணில் இத்தனை பணம் குவிந்ததைக் கண்ட பந்தய நடத்துநர்கள் பட்டுவாடாவை நிறுத்தினார்கள். 'தி ஃபுட்பால் கிங்' என்ற பெயரில் ஒரு அறிவிப்பு வெளியானது: இதில் சம்பந்தப்பட்டவர்களைப் பற்றித் தகவல் தருபவருக்கு 50 பவுண்டு. மோசடியை முதலில் கண்டுபிடித்தது நிர்வாகம் அல்ல, பணத்தை இழந்தவர்கள். இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

விசாரணையும் முடிவும்

விசாரணை மாதக்கணக்கில் போயிற்று. 1915 டிசம்பர் கடைசியில் அறிக்கை வந்தது. ஆட்டம் பேசி வைத்தது உண்மை, பந்தயத்தில் பெரும் பணம் கைமாறியது உண்மை, சில ஆட்டக்காரர்கள் அதில் ஆதாயம் அடைந்தார்கள் என்றது. கிளப் நிர்வாகங்களுக்குப் பங்கில்லை என்றது. லிவர்பூலிலிருந்து நான்கு பேர், யுனைடெட்டிலிருந்து மூன்று பேர், வேறொரு கிளப்பிலிருந்து ஒருவர் என்று தடை விதித்தது. இனி ஆடக்கூடாது, நிர்வாகத்தில் இருக்கக்கூடாது, எந்தக் கால்பந்து மைதானத்துக்குள்ளும் கால் வைக்கக்கூடாது.

யுனைடெட்டின் மூவரில் அன்று ஆடியவர் ஒருவர்தான். நம் ஆளும் இன்னொருவரும் ஆடாமலே திட்டத்தில் இருந்தவர்கள். இவருடைய பங்கைப் பற்றி நான் சாக்குச் சொல்லப்போவதில்லை. லிவர்பூலின் ஒரு ஆட்டக்காரர், முன்பு யுனைடெட்டில் இருந்தவர், மான்செஸ்டரில் ஒரு மதுக்கடையில் யுனைடெட்டின் மூவரையும் சந்தித்துப் பேசியதைப் பின்னால் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

ஆட்ட முடிவை மாற்றவில்லை, புள்ளிகளைப் பிடிக்கவில்லை. அந்த இரண்டு புள்ளிகளோடு யுனைடெட் 30 புள்ளி எடுத்து மேலே நின்றது. 29 எடுத்த செல்சியும் 28 எடுத்த டோட்டன்ஹாமும் கடைசி இரண்டு இடத்தில். கிளப்புக்குப் பங்கில்லை என்பது சரி, கிளப்புக்கு லாபமில்லை என்பது சரியில்லை. போர் முடிந்ததும் முதல் டிவிஷனை 22 அணிகளாக விரித்துச் செல்சியை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். டோட்டன்ஹாம் மட்டும் வெளியே நின்றது. அதன் இடத்துக்கு இரண்டாம் டிவிஷனிலிருந்த ஆர்செனல் வாக்கெடுப்பில் வந்தது.

அதன் பின்

தடை வந்த காலத்தை ஒட்டியே இவர் ராணுவத்தில் சேர்ந்தார். முதலில் கால்பந்து ஆட்டக்காரர்களுக்கென்று திரட்டிய மிடில்செக்ஸ் படைப்பிரிவு, பிறகு ஈஸ்ட் சர்ரே ரெஜிமென்ட்டின் 8ஆம் பட்டாலியன். 1916 ஜூலை 1 அன்று சோம் போர்முனையில் கால்பந்துகளை உதைத்துக்கொண்டே தாக்குதலுக்குப் போனதாகப் பேர் வாங்கிய பட்டாலியன் அது. பிரிட்டிஷ் பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. மைதானத்துக்குள் நுழையக்கூடாத ஒருவர் அங்கே போய்ச் சேர்ந்தார்.

1917 மே 3, பிரான்சில் அராஸ் போரின்போது ஷெரிஸி கிராமத்துப் பக்கம் கொல்லப்பட்டார். லான்ஸ் சார்ஜன்ட், வயது 32. முதலில் காணாமல் போனவர் என்றுதான் வீட்டுக்குத் தகவல். மனைவியும் பிள்ளைகளும் அவர் பிடிபட்டிருக்கலாம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். கல்லறை இல்லை. அராஸ் நினைவுச்சின்னத்தில் பெயர் இருக்கிறது.

அதே கோடையில், அந்த ஆட்டத்தில் ஆடிய யுனைடெட் வீரர் எஃப்ஏ மீது அவதூறு வழக்குப் போட்டுத் தோற்றார். தான் குற்றமற்றவர் என்று கடைசிவரை அவர் சொன்னார்.

1919இல், போரில் பணியாற்றியதைக் காரணம் காட்டி, தடைகளை நீக்கினார்கள். உயிரோடு திரும்பியவர்களில் சிலர் மறுபடி ஆடவும் செய்தார்கள். இவருக்கும் நீக்கம் வந்தது, இறந்து இரண்டு வருஷம் கழித்து. வழக்குப் போட்டவருக்கு மட்டும் நீக்கம் இல்லை. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு. அவருக்கான தடை 1945இல்தான் போயிற்று. அப்போது அவருக்கு வயது 59.

எதை மாற்றியிருக்கலாம்

1906ஆம் ஆண்டு முடிவுதான் என் பார்வையில் திருப்புமுனை. மேசைக்கு அடியில் பணம் கொடுத்தது தெரிந்தபோது, ஏன் கொடுக்க வேண்டியிருந்தது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் 4 பவுண்டு விதியில் கை வைத்திருக்க வேண்டும். எரிவதைப் பிடுங்காமல் கொதிப்பதை மட்டும் கரண்டியால் அடக்கினார்கள். மேலும், தண்டனையின் பாரம் வாங்கியவர்கள் தலையில் அதிகமாகவும் கொடுத்தவர்கள் தலையில் குறைவாகவும் விழுந்தது. விதி என்பது மேலே இருப்பவர்களுக்கு வசதிப்படி வளையும் என்று பதினேழு இளைஞர்கள் ஒரே நாளில் கற்றுக்கொண்டார்கள்.

1909இல் நேரான வழி ஒன்று திறந்தது. சங்கம் வழியாகப் பேசி வாங்கலாம் என்று இவர் முயன்றார், சம்பளமில்லாமல் ஒரு கோடையைக் கழித்தார். அப்போது உச்சவரம்பைப் பேச்சுக்காவது எடுத்திருக்கலாம். அந்த உச்சவரம்பு ஒழிய 1961 வரை ஆயிற்று. அதனால் 1915இல் அவர் குற்றம் செய்யாமல் இருந்திருப்பார் என்று நான் உறுதியாகச் சொல்லமாட்டேன். ஒரே விதியின் கீழ் ஆடிய ஆயிரக்கணக்கானவர்கள் ஆட்டத்தை விற்கவில்லை.

1915 முடிவில் தண்டனை சரி என்றே நினைக்கிறேன், அளவிலும்கூட. தவறு மற்ற இரண்டு இடத்தில். பேசி வைத்த ஆட்டம் என்று அறிக்கையிலேயே எழுதிவிட்டு அதன் புள்ளிகளை அப்படியே விட்டது ஒன்று. ஆட்டத்தை மறுபடி நடத்த உத்தரவிட்டிருக்கலாம், குறைந்தது இரண்டு அணிக்கும் அந்தப் புள்ளிகளைக் கணக்கில் எடுக்காமல் விட்டிருக்கலாம். 1919இல் தடை நீக்கத்தை ராணுவப் பணியோடு முடிச்சுப் போட்டது இன்னொன்று. ஆட்டத்தை விற்றதற்கும் பதுங்குகுழியில் நின்றதற்கும் என்ன சம்பந்தம்? நீக்கவேண்டுமென்றால், இத்தனை வருஷம் போதும் என்று காலக்கெடு வைத்து எல்லோருக்கும் ஒன்றாக நீக்கியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால், குற்றத்தை மறுத்து வழக்காடியவர் மட்டும் முப்பது வருஷம் வாசலுக்கு வெளியே நின்றிருக்கமாட்டார்.